ஏப்ரலில் முடிகிற புல்

தில்லியில் குளிர்காலம் தொடங்கும்போது, வசதியுள்ள புல்வெளிகளில் இரண்டு வேலைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடக்கின்றன. ஒருபுறம், மூட்டையாக வாங்கிவந்த ரை புல்லின் விதை தரையெங்கும் தூவப்படுகிறது. மறுபுறம், தானே முளைத்த மற்றொரு புல்லை மாலிகள் குர்பியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கின்றனர். தூவப்படுவதும் ஓராண்டுப் புல். தோண்டப்படுவதும் ஓராண்டுப் புல். இரண்டும் குளிரில் வளர்ந்து, வெயில் ஏறும்போது மடிபவை. முன்னதை வாங்கப் பணம் செலவாகிறது; பின்னதை அகற்றக் கூலி செலவாகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் செலுத்துகிறார் என்பதே இப்பதிவின் பொருள்.

தோண்டப்படும் புல்லின் அறிவியற்பெயர் போவா அன்னுவா. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. முதற்சொல் கிரேக்க மொழியில் புல்லையும், இரண்டாம் சொல் இலத்தீனில் ஓராண்டையும் குறிப்பன. நேராகத் தமிழில் சொன்னால் ‘ஆண்டுப்புல்’. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெப்பம் இதற்கு ஒவ்வாது. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களின் ஈரமான வழியோரங்களில் இதனைக் காணலாம். சமவெளியில் பழகாத புல்லுக்குச் சமவெளியின் மொழியில் வழக்குப்பெயர் இல்லாதது இயல்பே. ஆகவே இங்கும் அது ஆண்டுப்புல் என்றே சுட்டப்படுகிறது.

அதனை அடையாளம் காண்பது கடினமன்று. வெளிர்பச்சை நிறம், கையில் மென்மையாகத் தோன்றும் சிறு கொத்து, படகின் முன்பகுதிபோல் குவிந்து முடியும் இலைநுனி, இலையின் நடுவே இரண்டு மெல்லிய கோடுகள், இலை தண்டைத் தழுவும் இடத்தில் வெண்ணிறச் சவ்வு, முக்கோண வடிவில் விரியும் சிறு பூங்கதிர் ஆகியவை அதன் குறிகள். ரை புல் இதனினும் கரும்பச்சையானது; அதன் இலையின் அடிப்புறம் மெருகிட்டதுபோல் பளபளக்கும். தாவரவியல் மாணவர் உருப்பெருக்கியை எடுத்துப் பார்க்கும் இவ்வேறுபாடுகளை, இரு இலை விட்ட நாற்றிலேயே ஒரு மாலி நின்றவாறு கண்டுகொள்கிறார்.

அதன் பிறப்பும் கவனிக்கத்தக்கது. ஆண்டுப்புல்லில் 28 குரோமோசோம்கள் உள்ளன. பதினான்கு பதினான்கு குரோமோசோம்கள் கொண்ட இரு இனங்கள் கலந்து உருவான இனம் இது. அவற்றுள் போவா இன்ஃபிர்மா மத்தியதரைக் கடற்பகுதியைச் சார்ந்த ஓராண்டுப் புல். போவா சுபினா குளிர்ந்த மலைப்பகுதிகளின் பல்லாண்டுப் புல். விரைந்து விதைவிட்டு முடிவது ஒரு பெற்றோரின் இயல்பு. படர்ந்து நிலைப்பது மற்றொன்றின் இயல்பு. இரண்டையும் உள்ளடக்கிய இப்புல் இன்று உலகின் குளிர்ந்த, மிதவெப்ப நிலங்கள் அனைத்திலும் பரவியுள்ளது. அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில், போலந்து நாட்டு ஆய்வுநிலையத்தைச் சுற்றி 1980களில் இது கண்டறியப்பட்டது. மனிதர் காலடியோடும் பொருள்களோடும் சென்று அங்கேயும் குடியேறிவிட்ட புல் இது. தில்லியின் புல்வெளியில் அது முளைப்பதில் வியப்பேதுமில்லை. வியப்பு, தில்லியில் புல்வெளி இருப்பதிலேயே தொடங்குகிறது.

1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில் தலைநகர மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931 பிப்ரவரியில் புதுதில்லி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டடங்களுக்கு இணையாகத் தோட்டங்களும் எழுந்தன. இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டத்தை லுட்யென்ஸ் வடிவமைக்க, தோட்டக்கலைத் துறையின் டபிள்யூ. ஆர். மஸ்டோ நடவுப்பணிகளை மேற்கொண்டார். முகலாயத் தோட்டம் என்று பல்லாண்டுகள் அறியப்பட்டு, 2023 ஜனவரியில் அம்ரித் உத்யான் எனப் பெயர் மாற்றப்பட்ட அத்தோட்டத்தின் புல்கூட உள்ளூரிலிருந்து எடுக்கப்பட்டதன்று. தொடக்கத்தில் கொல்கத்தாவிலிருந்து தருவிக்கப்பட்டது. வங்கத்திலும் வடஇந்தியாவிலும் தூப் என்றழைக்கப்படும் அப்புல் நமக்குப் புதிதன்று. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. அத்தோட்டத்தில் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் புற்கரணைகளை அகற்றி, புதிய மேல்மண் பரப்புவது வழக்கம். ஏறத்தாழ மூன்று வாரங்களில் புல் மீண்டும் மூடிவிடுகிறது. இந்த வேகம் அருகுக்கு மட்டுமே வாய்க்கும்.

அருகு வெப்பத்தின் புல். கரும்பும் சோளமும் போல அதுவும் சி4 வகை ஒளிச்சேர்க்கையைக் கைக்கொண்டது. கடும் வெயிலில், குறைந்த நீரில், வேறு புற்கள் திணறும்போது அது தளிர்க்கும். கோடையில் நீரின்றி மேற்பரப்பு முற்றும் காய்ந்தாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு உயிரோடிருக்கும். முதல் மழைக்கு எழுந்துவிடும். ஆனால் குளிர் அதற்குப் பகை. தில்லியில் ஜனவரி இரவுகளின் வெப்பநிலை 7, 8 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பகலிலும் மூடுபனி வெயிலை மறைக்கிறது. டிசம்பர் நடுவில் அருகு வளர்ச்சியை நிறுத்துகிறது. இலைகள் வைக்கோல் நிறம் கொள்கின்றன. பிப்ரவரி இறுதியில்தான் அது மீண்டும் விழிக்கிறது.

இங்கே ஒரு முரண்பாடு உள்ளது. தில்லி மக்கள் புல்வெளியை உண்மையில் பயன்படுத்துவது அருகு உறங்கும் அதே மாதங்களில்தான். மே மாதப் பகலில் புல்லின்மேல் அமர எவராலும் இயலாது. ஜனவரியின் பிற்பகல் வெயிலில் பூங்காக்கள் நிறைகின்றன; லோதி தோட்டத்தில் குடும்பங்கள் துணி விரித்து ஆரஞ்சு உரிக்கின்றன; வளாகங்களில் மாணவர் கூட்டங்களும் வகுப்புகளும்கூட வெளியே நகர்கின்றன. மலர்க்கண்காட்சிகளும் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தின் பொதுத் திறப்பும் பிப்ரவரியை ஒட்டியே அமைகின்றன. புல் பச்சையாக இருக்க வேண்டுமென்று மனிதர் விரும்பும் காலமும், நடப்பட்ட புல் பச்சையாக இருக்க இயலும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே ரை புல் விதைக்கப்படுகிறது. வெப்பநாட்டுப் புல்வெளிகளில் குளிர்காலத்துக்காக மேல்விதைப்புச் செய்வது உலகின் பல பகுதிகளிலும் உள்ள நடைமுறை. அதன் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. அக்டோபர் இறுதியில் அருகைத் தாழ வெட்டி, காய்ந்த சருகுகளை வாரி எடுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிராம் வரை விதையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் திட்டுத்திட்டாக முளைப்பதைத் தவிர்க்கலாம். மேலே சலித்த மணலோ மக்கிய உரமோ மெல்லிய போர்வையாக இட வேண்டும். முதல் பத்து நாள் நாளுக்கு இரண்டு மூன்று முறை, மண் கரையாதவாறு பூவாளியால் தெளிப்பதுபோல் நீர் விட வேண்டும். ஐந்து முதல் பத்து நாளில் முளைப்பு தெரியும். ஆறேழு சென்டிமீட்டர் உயர்ந்தபின் முதல் வெட்டு. எந்த வெட்டிலும் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது.

பிப்ரவரி இறுதியில் பணி திசை மாறும். ரை புல்லுக்கு இட்ட உரத்தை நிறுத்தி, வெட்டும் உயரத்தைப் படிப்படியாகத் தாழ்த்தி, அடியில் விழித்துக்கொண்டிருக்கும் அருகுக்கு வெயில் எட்டச் செய்ய வேண்டும். வளர்த்ததை உரிய வேளையில் தளர்த்திவிடுவதே இம்முறையின் கடினமான பகுதி. மார்ச்சிலும் பச்சையைக் காப்பாற்ற எண்ணி ரை புல்லுக்கு ஊட்டமளித்தால், நிழலில் அருகு நலியும். ஏப்ரல் வெயிலில் ரை புல்லும் மடியும். இரண்டுமின்றி வெறுந்தரை மிஞ்சும்.

ஆண்டுப்புல்லுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அக்டோபரின் இரவுகள் குளிர்ந்து மண் சற்றே ஈரமாக இருந்தால், முன்னாண்டு உதிர்ந்த விதைகள் தாமே முளைக்கின்றன. டிசம்பரில் கொத்துகள் விரிகின்றன, ஜனவரி முதல் மார்ச் வரை பூத்து விதைவிடுகின்றன, ஏப்ரலில் மடிகின்றன. ஒவ்வொரு கொத்தும் நூற்றுக்கணக்கில் விதை உதிர்க்கும். அவற்றுள் பல அடுத்த பருவத்திலேயே முளைக்காமல், சில ஆண்டுகள் மண்ணில் காத்திருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தைத் தரையோடு ஒட்ட இறக்கினாலும் அதற்கும் கீழே அது பூக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்த கதிரை வெட்டி எறிந்தபின்பும் அதிலுள்ள விதை முற்றக்கூடும். ஆகவே வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டுவிடும் புல்வெளியில் அதன் விதைப்பு நிற்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டுப்புல்லை வளர்ப்பது பெரும்பாலும் புல்வெளிப் பராமரிப்பே. மிகத் தாழ்வாக வெட்டுதல், நாள்தோறும் மேலோட்டமாக நீர் தெளித்தல், நடந்து நடந்து மண் இறுகுதல், இலையுதிர்காலத்தில் தழைச்சத்து மிகுதியாக இடுதல், இயந்திரத்தைக் கழுவாமல் ஒரு வெளியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லுதல் ஆகிய ஐந்தும் அதற்கு ஆதரவான செயல்கள். அதனைக் குறைக்க விரும்புவோர் இவற்றைத் தலைகீழாகச் செய்தால் போதும்: அக்டோபரிலிருந்து வெட்டும் உயரத்தைக் கூட்டுதல், இடைவெளிவிட்டு ஆழமாக நீர் பாய்ச்சுதல், இறுகிய மண்ணைத் துளையிட்டு இளக்குதல், வெட்டிய புல்லை வாரி அகற்றுதல், பூக்கும் முன் பிடுங்குதல். எதிர்த்திசையில், அதனை வைத்துக்கொள்ள விரும்புவோர் நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, மண் காயாமல் பார்த்துக்கொண்டு, பிப்ரவரியில் ஒருமுறை விதை உதிரவிட்டால் அடுத்த நவம்பருக்கான விதைப்பு முடிந்துவிடும். களை என்று கருதி அதனை ஒழிக்கப் பாடுபடும் வெளியிலேயே அதற்கு உகந்த சூழலும் ஆண்டுதோறும் அமைத்துக் கொடுக்கப்படுகிறது. குர்பி ஏந்திய கைக்கு ஓய்வு கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

ஓராண்டில் முடிவது குறையா என்ற வினா இங்கு எழுகிறது. நம் மரபில் வேரூன்றி நிலைப்பதற்கே மதிப்பு. மணமக்களை வாழ்த்தும்போது ஆலைப்போல் தழைக்கவும் அருகைப்போல் வேரோடவும் வாழ்த்துகிறோம். ஓராண்டில் முடியும் எதைப் போலவும் வாழ எவரும் வாழ்த்துவதில்லை. பல்கலைக்கழகத்தில் இருப்போருக்கு ‘நிரந்தரம்’ என்ற சொல்லின் எடையை விளக்கத் தேவையில்லை. மொழியும் புல்லுக்கு அவ்வளவு பரிவு காட்டவில்லை. புன்மை, புல்லறிவு, புல்லர் ஆகிய சொற்களில் சிறுமையே பொருளாகிறது. எனினும் தொல்காப்பியத்தின் மரபியல் புல்லை இழிவாகக் கருதவில்லை. வன்மை புறத்தே அமைந்தவை புல், அகத்தே அமைந்தவை மரம் என்று அது பிரிக்கிறது. இரண்டும் ஓரறிவுயிர்களே. அங்கே வேறுபாடு அமைப்பைப் பற்றியது; மதிப்பைப் பற்றியதன்று.

மதிப்பைப் பற்றிப் பேசினாலும், ஓராண்டுப் புற்களின் பக்கம் வலுவான சான்று உண்டு. நெல்லும் கோதுமையும் புற்களே. வயலில் ஒரே பருவத்தில் முடிபவை. அடுத்த பருவத்தைத் தாம் காணப்போவதில்லை என்பதால் திரட்டிய ஊட்டத்தை வேரில் சேமிக்காமல் விதையில் வைத்துவிட்டுப் போகின்றன. அவ்விதையை உண்டே நாகரிகங்கள் வளர்ந்தன. தில்லியைச் சுற்றியுள்ள வயல்களில் கோதுமையின் நாட்காட்டி ஆண்டுப்புல்லின் நாட்காட்டியேதான்: நவம்பரில் முளைப்பு, பிப்ரவரியில் கதிர், ஏப்ரலில் முடிவு. கோதுமை வயல் ஏப்ரலில் பழுப்பாவதை எவரும் பராமரிப்புக் குறைவு என்று சொல்வதில்லை, விளைச்சல் என்கிறோம்.

அந்த விளைச்சலின் வரலாற்றில் தில்லிக்குத் தனியிடம் உண்டு. பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆய்வு நிறுவனம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்றபின் 1936இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. பழைய ஊரின் பெயர் இன்றும் அந்த வளாகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அங்கே 1960களில் குட்டைக் கோதுமை வகைகளைப் பரப்பும் பணியில் முன்னின்றார். நெடிய கோதுமை உரம் மிகுந்தால் கதிரின் பாரம் தாங்காமல் சாயும்; குட்டைக் கோதுமை நிமிர்ந்து நிற்கும். 1964-65இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த நாட்டின் கோதுமை விளைச்சல், 1967-68இல் சுமார் 1.65 கோடி டன்னாக உயர்ந்தது. 1968இல் அரசு கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல்தலையே வெளியிட்டது. ஓராண்டுப் புல் ஒன்றின் தண்டைக் குட்டையாக்கியதற்கு ஒரு நாடு செலுத்திய மரியாதை அது.

ஆண்டுப்புல்லும் குட்டையானதுண்டு, ஆனால் அதனை எவரும் திட்டமிட்டுக் குட்டையாக்கவில்லை. எட்வின் பட்டிங் 1830இல் இங்கிலாந்தில் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் புல்வெளிகள் முன்னெப்போதையும்விடத் தாழ்வாகவும் சீராகவும் வெட்டப்பட்டன. கோல்ஃப் மைதானங்களில் குழியைச் சுற்றியுள்ள பசுந்தளத்தில் புல்லின் உயரம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. அந்த வெட்டுக்கும் நாள்தோறும் கிடைத்த நீருக்கும் பழகிய ஆண்டுப்புல், பல இடங்களில் பூப்பதைக் குறைத்து, அடர்ந்து, ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் பல்லாண்டு வடிவமாயிற்று. அமெரிக்காவின் ஓக்மாண்ட், பெபிள் பீச் ஆகிய புகழ்பெற்ற மைதானங்களின் பசுந்தளங்கள் இப்புல்லால் ஆனவையே. அங்கே அதனைக் களை என்று எவரும் பிடுங்குவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இவ்வடிவத்தை வணிக விதையாக்க முயன்றபோது வேறொன்று தெரியவந்தது. ஓயாத வெட்டு நின்றதும், குட்டையாக இருந்த புல் தன் பழைய ஓராண்டு இயல்புக்குத் திரும்பியது. அப்புல்லின் நிலைபேறு அதன் இயல்பாக மாறிவிடவில்லை. அன்றாட உழைப்பால் ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாக்கப்பட்டது. உழைப்பு நிற்கும் நாளில் நிலைபேறும் நிற்கும்.

இந்த உண்மையை மனத்தில் கொண்டே தில்லியின் ஏப்ரல் மாதத்தை நோக்க வேண்டும். மார்ச் நடுவில் வெப்பநிலை 30 டிகிரியைக் கடக்கிறது. ஏப்ரலில் 40ஐ நெருங்குகிறது. ஆண்டுப்புல்லின் வேர்கள் ஆழமற்றவை. சில நாள்களுக்குள் வெளிர்பச்சைக் கொத்துகள் மஞ்சளாகி, பின் சாம்பல் நிறமாகின்றன. குளிர்காலத்தில் அது அருகை நெருக்கிய இடங்களில் அருகும் இன்னும் எழுந்திருக்காது. ஆகவே பச்சைப் பரப்பில் திட்டுத்திட்டாகத் தரை தெரிகிறது. அவ்வழியாக நடக்கும் அதிகாரியோ பேராசிரியரோ ஒரே ஒரு வினாவைத்தான் எழுப்புகிறார்: “தண்ணீர் விடவில்லையா?”

வினா மாலியை நோக்கியது. பெரும்பாலான வளாகங்களிலும் பூங்காக்களிலும் இன்று அவர் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர். புல்வெளியின் பச்சையே அவருடைய வேலைக்குச் சான்று. திட்டுகள் அவருக்கு எதிரான சான்று. அந்தப் புல் பட்டுப்போகவில்லை, அதன் காலம் முடிந்தது என்று அவருக்குத் தெரியும். டிசம்பரில் முழங்காலிட்டு, பனியில் நனைந்த தரையில், விரல் மரத்துப்போகும் குளிரில் அவற்றைத் தோண்டியவர் அவரே; தோண்டியும் தீராமல் எஞ்சியவை எங்கெங்கே உள்ளன என்று அறிந்தவரும் அவரே. ஆனால் அவர் அறிந்ததைச் சொல்வதற்கான இடம் அந்த உரையாடலில் இல்லை. ‘அந்தப் புல் அப்படித்தான் சார்’ என்பது சாக்காகவே கேட்கப்படும். அதே செய்தியைத் தாவரவியல் துறையிலிருந்து ஒருவர் இலத்தீன் பெயரோடு சொன்னால் தகவலாகக் கேட்கப்படும். அறிவு ஒன்றே, அதைச் சொல்வோரின் பணிநிலைதான் வேறு.

பதிலாகச் செய்யப்படுவது, மேலும் நீர் விடுதல். அது மூன்று வகையில் பயனற்றது. மடிந்த ஆண்டுப்புல்லை நீர் எழுப்பாது. அருகு எழுவது நீரால் மட்டுமன்று, வெப்பத்தால். மேலோட்டமான அன்றாட நீரோ அடுத்த பருவத்தில் ஆண்டுப்புல்லுக்கே துணையாகும் பழக்கம். செலவும் சிறிதன்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடைப் புல்வெளிக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று கொண்டால், 1,000 சதுர மீட்டருக்கு நாள்தோறும் 5,000 லிட்டர் வேண்டும். சுத்திகரித்த கழிவுநீர் பல பூங்காக்களுக்குச் செல்கிறது என்பது உண்மையே. எல்லாப் புல்வெளிகளுக்கும் அது செல்வதில்லை. 2024 ஜூனில் தில்லியின் குடிநீர்ப் பற்றாக்குறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. லாரியின் பின்னால் பிளாஸ்டிக் குழாயும் குடமுமாக மக்கள் ஓடிய அதே வாரங்களில், ஆண்டு முழுவதும் பச்சை என்ற எதிர்பார்ப்பும் நகரில் இருந்தது.

இந்த எதிர்பார்ப்பு குளிர்ந்த, மழை பரவலாகப் பெய்யும் தீவு ஒன்றின் புல்வெளியிலிருந்து வந்தது. தில்லியின் மழையோ பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதங்களில் பெய்து முடிகிறது. இங்கே இயல்பாகக் கிடைப்பது முறைவைத்து வரும் பச்சை. ஜூலை முதல் நவம்பர் வரை அருகு. டிசம்பர் முதல் மார்ச் வரை ஆண்டுப்புல்லோ ரை புல்லோ. ஏப்ரல் முதல் பருவமழை வரை அருகு எழுந்தவரை பச்சை, எழாதவரை பழுப்பு. அருகு கோடையில் பழுத்தாலும் இறப்பதில்லை என்பதால், அந்த இரண்டு மூன்று மாதப் பழுப்பைப் பொறுத்துக்கொள்வதில் இழப்பு கண்ணுக்கு மட்டுமே.

ஆண்டுப்புல்லை ஏற்றுக்கொள்வதில் செலவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அது அருகின் வசந்தகால எழுச்சியைத் தாமதப்படுத்தும். அதன் மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தரும். கதிர் விட்ட காலத்தில் வெளி சீரற்று, வெண்புள்ளி தெளித்ததுபோல் தோன்றும். கிரிக்கெட் ஆடுகளத்துக்கோ அரசு விழா நடக்கும் முற்றத்துக்கோ அது பொருந்தாது. ஆனால் ஒரு கல்லூரியின் பின்புற வெளிக்கும், விடுதிகளுக்கு இடைப்பட்ட தரைக்கும், குடியிருப்புப் பூங்காவுக்கும் இந்தக் குறைகள் பொருட்டல்ல. அங்கே குளிர்காலத்தில் அமர்வதற்குப் பச்சைத் தரை வேண்டும். விதை வாங்காமல், உரமிடாமல், தானே வந்து நான்கு மாதம் அத்தரையைத் தருகிற புல்லைக் கூலி கொடுத்து அகற்றிவிட்டு, அதே வேலைக்கு வேறொரு புல்லின் விதையை வாங்குவதற்கு அங்கே நியாயம் குறைவு. குர்பிக்கு வேறு வேலை நிறைய உண்டு. இறுகிய மண்ணை இளக்கலாம். கோரையை வேரோடு எடுக்கலாம். மரங்களின் அடியில் பாத்தி கட்டலாம்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பராமரிப்பு ஒப்பந்தங்களில் ‘ஆண்டு முழுவதும் பசுமை’ என்ற வரி இருக்குமானால், அதனை மாதவாரியான விவரமாக மாற்றலாம்: எந்த மாதத்தில் எந்தப் புல் பச்சையாக இருக்கும், எப்போது எது பழுக்கும், எப்போது நீரைக் குறைக்க வேண்டும். அந்த விவரத்தை எழுதுவதற்கு வல்லுநர் குழு வேண்டியதில்லை. அந்த வெளியில் பத்தாண்டுகள் உழைத்த மாலியிடம் கேட்டால் ஒரு பிற்பகலில் எழுதி முடிக்கலாம். தாவரவியல் துறை அதனைச் சரிபார்த்து, புல்லின் பெயர்களைச் சேர்க்கலாம். அப்படி ஒரு தாள் தோட்டப் பிரிவின் சுவரில் இருந்தால், ஏப்ரலில் திட்டு தெரியும்போது விரல் மாலியை நோக்கி நீளாமல் அந்தத் தாளை நோக்கி நீளும்.

ஓராண்டுப் புல்லை வளர்ப்பது என்பது அதன் முடிவையும் சேர்த்து வளர்ப்பதே. நவம்பரில் முளைத்தது மார்ச்சுக்குள் தன் விதையை மண்ணில் வைத்துவிட்டது. ஏப்ரலில் தரை தெரியும் இடத்தில் அடுத்த நவம்பர் ஏற்கெனவே கிடக்கிறது. அங்கே தவறு நடந்துவிட்டதாக எண்ணித் தேட வேண்டிய குற்றவாளி எவருமில்லை.